மௌனத்தில் ஒளிந்திருந்த ‘ள’

பெங்களூரில் ஒரு யோகா நிலையத்தின் தமிழ்க் கையேட்டை ஏஐ கருவியைக் கொண்டு செப்பனிட்டேன். கைவைக்கக் கூடாத சொற்களின் பட்டியலைக் கொடுத்தும் மௌனம், பௌர்ணமி, கௌரவம் மூன்றையும் கருவி மாற்றிக்கொண்டே இருந்தது.

கட்டளையைத் திருத்தி எழுதினேன், கருவியை மாற்றினேன், எழுத்துருவை மாற்றினேன், பக்கம் பக்கமாகவும் கொடுத்தேன். பலனில்லை.

சிக்கல் மூலக் கோப்பில் இருந்தது. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் (குறியெண்) தரும் யூனிகோடு முறையில் ‘ௌ’ ஒரே குறி. கையேட்டைத் தட்டச்சியவர் ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் சேர்த்து ‘மெளனம்’ என அடித்திருந்தார். திரையில் வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. கருவியோ குறியெண்களைப் படிக்கிறது, அதற்கு இது வேறு சொல். சோதிக்க, ‘மௌ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் ஒருமுறை தட்டுங்கள். ‘ம’ மிஞ்சினால் சரி, ‘மெ’ மிஞ்சினால் தவறு.

‘ெள’வை மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். வெளி, வெள்ளம், தெளிவு எல்லாம் உடைந்துபோகும். செளகரியம், பெளத்தம் என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் மாற்ற வேண்டும். ‘ொ’, ‘ோ’ இரண்டு துண்டுகளாக வந்திருந்தால் பைத்தான் நிரல்மொழியில் உள்ள என்எஃப்சி நார்மலைசேஷன் (துண்டுக் குறிகளை ஒரே குறியாக்கும் வசதி) ஒட்டிவிடும். ‘ள’ பிழையை அது தொடாது.

கோப்பைச் சுத்தம் செய்து, பழைய கட்டளையையே மறுபடி கொடுத்தேன். பட்டியலில் இருந்த ஒரு சொல்லும் மாறவில்லை. அப்பாடா! இப்போது எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் ‘ெள’வைத் தேடிவிட்டுத்தான் கருவியிடம் கொடுக்கிறேன்.