பிசியாலஜில ஒரு வருச ரிசர்ச் எப்படி பண்றது: மில்லுல மூச்ச அளந்தவன் சொல்றேன்

ரிசல்ட் வந்த வாரத்துல ஒறம்பரைல யாராச்சும் ஒருத்தரு ஃபோன் பண்ணிருவாங்க, பையன் பி.எஸ்சி முடிச்சிட்டான், இல்லீனா புள்ள பிசியோதெரபி முடிச்சிட்டா, மனுச ஒடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு மேல படிக்கோணுங்கறா, ஹானர்ஸ் ஹானர்ஸ்ங்கறாங்களே அது என்னதுங்க, அத முடிச்சா ஆராய்ச்சிக்குப் போலாமான்னு. எல்லார்த்துக்கும் சேத்து ஒரேதா எழுதி வெச்சர்லாம்னு தான் இது. நான் சோமனூர்ப் பக்கம், எங்கய்யன் தறி ஓட்டினவரு, நான் கோயமுத்தூர்ல பிசியாலஜி படிச்சு நூல் மில்லுல வேலை செய்றவங்களோட மூச்ச அளந்து தீசிஸ் எழுதினவன், அதனால உதாரணம் எல்லாம் அங்கிருந்து தான் வரும்.

ஹானர்ஸ்ங்கற வார்த்தைக்கு ஊருக்கு ஊரு அர்த்தம் வேற, அத மொதல்ல தெரிஞ்சுக்கோங்க. ஆஸ்திரேலியாவுலயும் நியூசிலாந்துலயும் 3 வருச டிகிரி முடிச்ச பொறவு தனியா ஒரு வருசம் படிக்கிறது தான் ஹானர்ஸ், அதுல கிளாஸ் கொஞ்சம் தான், மிச்சமெல்லாம் ஒரு சூப்பர்வைசர், ஒரு புராஜெக்ட், ஒரு தீசிஸ், நடுவுல லிட்டரேச்சர் ரிவியூவும் செமினாரும். அதுல ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினா மாஸ்டர்ஸ் இல்லாமயே பிஎச்டிக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் போட்டி போடலாம். தென்னாப்பிரிக்காவுலயும் அது டிகிரிக்குப் பொறவு வர்ற தனிப் படிப்பு. இங்கிலாந்துல அப்படி இல்லீங்க, அங்க சாதாரண டிகிரிக்கே ஹானர்ஸ்னு பேரு. நம்ம நாட்டுல யுஜிசி 2022ல கொண்டாந்த முறைப்படி 4வது வருசம் ஹானர்ஸ் வித் ரிசர்ச் பண்ணலாம், மொத ஆறு செமஸ்டர்ல 75 சதவீதம் இருக்கோணும், ஆனா நம்ம பக்கத்துக் காலேஜ்ல பெரும்பாலும் இன்னும் 3 வருச பி.எஸ்சி தான். அதனால இங்கயே இருந்து படிக்கறதுன்னா மெடிக்கல் காலேஜ்ல 3 வருச எம்.எஸ்சி மெடிக்கல் பிசியாலஜி, எம்பிபிஎஸ் முடிச்சவங்களுக்கு நீட் பிஜி எழுதி எம்.டி பிசியாலஜி, அதுவும் 3 வருசம், ரெண்டுலயும் தீசிஸ் உண்டு. எம்பிபிஎஸ் படிச்சிட்டு இருக்கறப்பவே ருசி பாக்கோணும்னா ஐசிஎம்ஆர்னு மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு, அவங்களோட எஸ்டிஎஸ் (ஷார்ட் டேர்ம் ஸ்டூடன்ட்ஷிப்)னு 2 மாச ஆராய்ச்சித் திட்டம் இருக்கு, அத விட்றாதீங்க.

வெளிநாட்டு ஹானர்ஸ்க்குப் போறவங்க லோன் போடறதுக்கு முன்னாடி, என்ர டிகிரிய நீங்க ஒத்துக்குவீங்களான்னு அந்த யுனிவர்சிட்டி அட்மிஷன் ஆஃபீஸ்ல எழுத்துல வாங்கிருங்க. ஏஜென்ட் வாயில சொல்றது பத்தாது.

எந்த ஊரா இருந்தாலும் காலேஜ் பேர விட சூப்பர்வைசர் தான் முக்கியம், ஒரு வருசம் அவருகூட தான் ஓட்டோணும். அவருக்கு மெயில் போடறப்ப பத்து வரிக்கு மேல வேண்டாம், அவரு கடைசியா எழுதின ரெண்டு பேப்பர படிச்சு, அதுல உங்களுக்கு நெசமாவே தோணின ஒரு சந்தேகத்த உங்க சொந்த வார்த்தைல எழுதுங்க, நீங்க கையால செஞ்சு பழகினது என்னென்னன்னு எழுதுங்க, இசிஜி எடுத்திருக்கேன், பிபி பாத்திருக்கேன், எக்ஸெல்ல கணக்கு போடத் தெரியும், இப்படி. அப்பறம் இப்ப அவருகிட்ட இருக்கற ஸ்டூடன்ட் ஒருத்தர புடிச்சு ரெண்டே ரெண்டு கேளுங்க, வாரம் ஒருக்கா பாப்பாரா, டிராஃப்ட் குடுத்தா எத்தன நாள்ல திருத்தித் தருவாரு. இந்த ரெண்டுக்கும் நல்ல பதில் வந்தா மத்ததெல்லாம் சமாளிச்சுக்கலாம்.

இப்ப கேள்விக்கு வரலாம். நெம்பப் பேரு டாபிக்னு ஒரு தலைப்ப தேடறாங்க, தூக்கமும் ஸ்ட்ரெஸ்ஸும், யோகாவும் இதயத் துடிப்பும், அப்படி. தலைப்பு வேண்டாங்க, ஒரு அளவு வேணும். ஒரு வருசத்துல நீங்க உங்க கையால சரியா அளக்கக் கத்துக்கக்கூடிய ஒன்னு என்னன்னு பாருங்க, அதுல இருந்து கேள்விய எடுங்க. அந்த அளவு ஏன் ஏறுது, ஏன் இறங்குது, எப்ப பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கறது தான் ரிசர்ச் டிரெயினிங்கு, மத்ததெல்லாம் அதுக்கு மேல கட்டறது.

எனக்குக் கேள்வி வந்தது பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட இருந்து. மில்லுல பஞ்ச சீவி எடுக்கற கார்டிங் டிபார்ட்மென்ட்டு, லீவு முடிஞ்சு வேலைக்குப் போற அன்னிக்கு மட்டும் நெஞ்ச இறுக்குது, மறுநாள் பரவால்லம்பாரு, வீட்ல எல்லாரும் வேலைக்குப் போக சோம்பல்னு அவர திட்டுவாங்க. பல வருசம் கழிச்சு பிசினோசிஸ்னு ஒரு பாடம் வந்தப்ப தான் அவரு சொன்னது அத்தனையும் நெசம்னு தெரிஞ்சுது, எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வல்ல. பஞ்சுத் தூசியும் அதுல இருக்கற பாக்டீரியாவோட எண்டோடாக்ஸின்ங்கற நச்சும் மூச்சுக்குழாய சுருக்குது, லீவுக்குப் பொறவு மொத நாள் தான் அது பலமாத் தெரியும். 1950கள்ல இங்கிலாந்தோட லங்காஷயர் மில்லுகள்ல ஷில்லிங்ங்கற டாக்டர் இதுக்கு கிரேடு போட ஆரம்பிச்சாரு, பொறவு வழக்கத்துக்கு வந்த முறைல எப்பவாச்சும் திங்கக்கிழமை இறுக்குனா அரை, எல்லா திங்கக்கிழமையும் இறுக்குனா 1, மத்த நாளும் இறுக்குனா 2, அதோட நெரந்தரமா மூச்சு கொறஞ்சு போச்சுன்னா 3. நம்ம மில்லு நாள் பூரா ஓடறது, வார லீவு ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு நாளு, அதனால நம்மாளுக்கு திங்கக்கிழமைங்கறது புதன்கிழமையாவும் இருக்கும், சனிக்கிழமையாவும் இருக்கும். கேள்வித்தாள்ல திங்கக்கிழமைன்னு அச்சடிச்சுக் கேட்டீங்கன்னா எல்லாரும் இல்லீங்கன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க.

நான் எடுத்த அளவு ஸ்பைரோமெட்ரி, அதாவது ஒரு மெசின்ல ஊத வெச்சு மூச்ச அளக்கறது. 1846லயே ஹட்சின்சன்னு ஒருத்தரு ரெண்டாயிரம் பேருக்கு மேல ஊத வெச்சு நெஞ்சு நெறைய இழுத்து முழுசா வெளிய விடற காத்துக்கு வைட்டல் கெப்பாசிட்டின்னு பேரு வெச்சாரு, இன்னிக்கு மெசின் கையடக்கம் ஆயிருச்சு, ஊதற மனுசன் அதே தான். மொத நொடில வெளிய வர்ற காத்து எஃப்.ஈ.வி.1, மொத்தமா வர்றது எஃப்.வி.சி. தெனமும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி 3 லிட்டர் சிரிஞ்ச்ல மெசின சரி பாருங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒழுங்கா வந்த ஊதல் மூணாச்சும் வேணும், அதுல பெரிய ரெண்டுக்கும் நடுவுல 150 மில்லிக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. செருப்ப கழட்டச் சொல்லி உயரத்த நீங்களே அளங்க, வாயில சொல்ற உயரத்த எழுதாதீங்க. சமீபத்துல ஹார்ட் அட்டாக் வந்தவங்க, கண்ணு ஆபரேசன் ஆனவங்கள ஊத வெக்கக் கூடாது. நல்ல ஊதல வாங்கறது ஒரு கைத்தொழில், நெஞ்சு நெறையா இழுங்க, இன்னும் இழுங்க, இப்ப ஒரே மூச்சா ஊதுங்க, ஊதுங்க ஊதுங்க ஊதுங்கன்னு நீங்க சத்தம் போட்டா தான் அவங்க ஊதுவாங்க, கூச்சப்பட்டு மெதுவா சொன்னீங்கன்னா பாதி மூச்சு உள்ளயே நின்னுக்கும், அது நோய் மாதிரியே பேப்பர்ல தெரியும். வீட்ல இருக்கறவங்க இருபது பேர ஊத வெச்சுப் பழகிட்டு மில்லுக்குப் போங்க, எங்க அம்மிச்சி தான் எனக்கு மொத ஆளு.

இனி நான் கத்துக்கிட்டதுலயே பெரிய பாடம். சிப்டுக்கு முன்னாடி ஒருக்கா, முடிஞ்ச ஒடனே ஒருக்கா அளந்து, கொறஞ்சுதான்னு பாக்கறது தான் என்ர திட்டம். சூப்பர்வைசர் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, பஞ்சே இல்லாத எடத்துல ஒருத்தர உக்கார வெச்சா அவரு மூச்சு காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் அப்படியேவா இருக்கும்னு. இருக்காதுங்க. நம்ம மூச்சுக்குழாய் விடியக்காலைல நாலு மணி வாக்குல சுருங்கிக் கெடக்கும், மத்தியானத்துக்கு மேல நல்லா விரியும், இது ஒடம்போட கடிகாரம். அப்ப காலை சிப்டுல தூசி கொறைக்கறத கடிகாரம் ஏத்தி மறைச்சிரும், ராத்திரி சிப்டுல தூசியே இல்லீன்னாலும் விடியறப்ப கொறஞ்ச மாதிரி காட்டும். ரெண்டு சிப்டையும் ஒன்னாப் போட்டு சராசரி எடுத்திருந்தா என்ர ஒரு வருசம் வீண். அதனால அதே சிப்டு, அதே நேரம், பஞ்சுத் தூசி கம்மியா இருக்கற பேக்கிங்லயும் கேட்லயும் வேலை செய்றவங்கள ஒரு குரூப்பா சேத்தோம், அவங்க எவ்வளவு மாறறாங்க, கார்டிங், பஞ்சுப் பொதிய பிரிச்சு சுத்தம் பண்ற பிளோ ரூம் ஆளுங்க எவ்வளவு மாறறாங்கன்னு ரெண்டையும் எதிரெதிரா வெச்சுப் பாக்கறதுக்கு. உங்க டாபிக் எதா இருந்தாலும், பிபியோ சுகரோ இதயத் துடிப்போ, இதே கேள்விய நீங்களே ஒருக்கா கேட்டுக்கோங்க, நான் ஒன்னும் பண்ணாம விட்டா இந்த அளவு தானா எப்படி மாறும்? அதுக்குப் பதில் தெரியாம ஒரு ஆளக் கூட அளக்காதீங்க.

எத்தன பேருங்கறத மனசுக்குத் தோணின நம்பரா போடக் கூடாது. மூச்சளவுல வர்ற மாத்தம் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறுதுன்னு சொல்ற ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (எஸ்டி) 200 மில்லி, நீங்க கண்டுபுடிக்கோணும்னு நெனைக்கற வித்தியாசம் 100 மில்லின்னா, 200ஐ 100ஆல வகுத்தா 2, அத வர்க்கம் பண்ணா 4, அதோட 7.84ஐ பெருக்குனா 31.36, அதாவது 32 பேரு. ஆனா இது ஒரே குரூப்புக்கு முன்னாடி பின்னாடி பாக்கறதுக்கு. ரெண்டு குரூப்ப ஒப்பிட்டா அந்த 31.36 ரெட்டிப்பாகும், 62.72, அதாவது குரூப்புக்கு 63, மொத்தம் 126 பேரு, ஆளுக்கு ரெண்டு தடவ, தடவைக்கு கால் மணி நேரம்னு வெச்சாலே 63 மணி நேரம் ஊத வெக்கிற வேலை மட்டும். இதுல லீவு முடிஞ்சு வந்த அன்னிக்குத் தான் அளக்கோணும், ஒரு நாளைக்கு அப்படி வர்றவங்க கொஞ்சப் பேரு தான், கணக்குப் போட்டுப் பாத்தா மாசக்கணக்குல ஆகும். இந்தக் கணக்க ஜனவரில போடுங்க, ஆகஸ்ட்ல போட்டா அழுக தான் வரும். 7.84 எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா 1.96ஐயும் 0.84ஐயும் கூட்டி வர்க்கம் பண்ணது, 5 சதவீத பிழைக்கும் 80 சதவீத பவருக்கும், பவர்ங்கறது வித்தியாசம் நெசமாவே இருந்தா அத கண்டுபுடிக்கற வாய்ப்பு. வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல, இத நிச்சயமா கேப்பாங்க.

எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் இல்லாம ஒருத்தரக் கூடத் தொடக் கூடாது, ஐசிஎம்ஆரோட 2017 வழிகாட்டுதல் தான் நம்ம நாட்டுக்கு அடிப்படை. கமிட்டி மாசத்துக்கு ஒருக்காவோ ரெண்டு மாசத்துக்கு ஒருக்காவோ தான் கூடும், திருத்தம் கேட்டா அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்கோணும், அதனால மொத வேலையா இத முடிங்க. தகவல் தாள ஆங்கிலத்துல எழுதி தமிழ்ல மாத்தாதீங்க, நேரா தமிழ்லயே எழுதி, உங்க தெருவுல எட்டாவது படிச்ச ஒருத்தர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லுங்க, அவரு எங்க நிக்கறாரோ அந்த வரிய மாத்துங்க. நம்ம மில்லுல இப்ப ஒடிசா, பீகார் ஆளுங்க நெறையா, அவங்களுக்கு அவங்க பாஷைல தாள் வேணும், தமிழ்த் தாள்ல கைநாட்டு வாங்கறது சம்மதம் ஆகாது.

மொதலாளி உள்ள விட்டது அனுமதி தான், தொழிலாளியோட சம்மதம் வேற. மேஸ்திரி வரிசைல நிறுத்திக் கூட்டிட்டு வந்தா அந்த ஆளு வேண்டாம்னு எப்படிங்க சொல்வாரு? நான் தனி ரூம் கேட்டு வாங்கி, கதவச் சாத்திட்டு, அண்ணா உங்களுக்கு வேண்டாம்னா சும்மா பத்து நிமிசம் உக்காந்துட்டுப் போங்க, வெளிய யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன், சில பேரு அப்படித் தான் உக்காந்துட்டுப் போனாங்க. யாரோட ரிசல்ட்டும் பேரோட நிர்வாகத்துக்குப் போகாதுன்னு மொதல்லயே எழுத்துல வாங்கிருங்க, இதுல மட்டும் எறங்கி வராதீங்க, ஒருத்தரோட மூச்சு கொறஞ்சிருக்குன்னு தெரிஞ்சா அவரு வேலை போயிரும்.

டேட்டா சேந்த பொறவு, மொத ஃபைல யாரும் தொடாத மாதிரி பூட்டி வெச்சிட்டு காப்பில தான் வேலை செய்யோணும். கணக்குப் போட ஜமோவி (jamovi), ஆர் (R)னு ரெண்டு சாஃப்ட்வேர் காசில்லாமக் கெடைக்குது, படிச்ச பேப்பர்கள அடுக்கி வெக்கற சோடெரோவும் (Zotero) அப்படியே, திருட்டு சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்ல. எந்த டெஸ்ட் போடப் போறோம்னு டேட்டா வர்றதுக்கு முன்னாடியே எழுதி தேதி போட்டு சூப்பர்வைசருக்கு அனுப்பி வெச்சிருங்க, வந்த பொறவு நல்லா வர்ற டெஸ்ட்ட தேடறது ஆராய்ச்சி இல்லீங்க. வித்தியாசம் வரலீன்னாலும் அது ரிசல்ட் தான், அளவு சரியா இருந்தா தைரியமா எழுதுங்க.

தீசிஸ்ல மெத்தட்ஸ மொதல்ல எழுதுங்க, வேலை நடக்கறப்பவே, கை மறக்கறதுக்குள்ள. அப்பறம் ரிசல்ட்ஸ், அப்பறம் டிஸ்கஷன், இன்ட்ரொடக்ஷன் கடைசி. தெனம் பொழுதோட ஒரு மணி நேரம் எழுதுனா போதும். அடுத்தவங்க வரிய எடுத்து வார்த்தைய மட்டும் மாத்தி ஒட்டாதீங்க, மென்பொருள்ல 10 சதவீதத்துக்குள்ள வந்தாலும் வைவால ஒரே கேள்வில தெரிஞ்சு போயிரும்.

கடைசியா ஒன்னு, இத நெறையா பேரு செய்றதில்ல. ஊதிக் குடுத்த ஒவ்வொருத்தருக்கும் அவரோட ரிசல்ட்ட ஒரே பக்கத்துல தமிழ்லயோ அவரு பாஷைலயோ எழுதி கைல குடுங்க, உங்க மூச்சு இவ்வளவு, உங்க வயசுக்கும் உயரத்துக்கும் இவ்வளவு இருக்கோணும், கொறஞ்சிருந்தா எந்த டாக்டர பாக்கோணும்னு. பிசினோசிஸ் சட்டப்படி தொழில் நோய்ப் பட்டியல்ல இருக்கு, அதனால அவருக்கு ஈஎஸ்ஐ கார்டு இருக்குதான்னு கேட்டு, இருந்தா ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு சூப்பர்வைசர்கிட்ட லெட்டர் வாங்கிக் குடுங்க, டாக்டர்கிட்ட எந்த டிபார்ட்மென்ட்ல எத்தன வருசம்னு மறக்காம சொல்லுங்கண்ணான்னு சொல்லி அனுப்புங்க. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நான் எழுதின தாள்ல லீவு முடிஞ்ச மொத நாளும் மூணாவது நாளும் எடுத்த ரெண்டு அளவையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் குடுத்தேன், அவரு அத வீட்ல எல்லார்த்துக்கும் காட்டுனாரு.