எல்இடி வைத்து பிளாங்க் மாறிலி: இறுதியாண்டு புராஜெக்ட் செய்பவர்களுக்கு

பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு எல்இடி வைத்து பிளாங்க் மாறிலியை, அதாவது ஒளியின் அதிர்வெண்ணையும் ஆற்றலையும் இணைக்கும் எண்ணை, அளக்கப் போகிறீர்களா? நல்ல தேர்வு. செலவு குறைவு, கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் எல்இடி எப்போது ஒளிரத் தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்து மின்னழுத்தத்தைக் குறிக்காதீர்கள். நம் கண்ணுக்குப் பச்சை சீக்கிரம் தெரியும், அடர்சிவப்பு தாமதமாகத்தான் தெரியும். அந்த வேறுபாடு அப்படியே விடைக்குள் போய்விடும். எல்லா நிறத்துக்கும் ஒரே சிறிய மின்னோட்டத்தை, உதாரணமாக 10 மைக்ரோஆம்பியரை, வைத்து அப்போதுள்ள மின்னழுத்தத்தை எடுங்கள்.

அலைநீளத்தையும் கடைக்காரர் சொன்னபடி எழுதாமல், ஆய்வகத்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் கிரேட்டிங் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடு) வைத்து நீங்களே அளந்துவிடுங்கள். வெள்ளை எல்இடி வேண்டாம். பெரும்பாலும் அது பாஸ்பர் (நீல ஒளியின் ஒரு பகுதியை வேறு நிறங்களாக மாற்றும் பொருள்) பூசிய நீல எல்இடிதான்; அதற்கு ஒரே அலைநீளம் என்று எதுவும் இல்லை.

அப்புறம், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக விடை கண்டு சராசரி எடுக்க வேண்டாம். அதிர்வெண்ணுக்கு எதிராக மின்னழுத்தத்தை வரைந்து, கோட்டின் சாய்வை எலக்ட்ரான் மின்னூட்டத்தால் பெருக்குங்கள். விடை, ஏற்கப்பட்ட மதிப்பான 6.626 × 10⁻³⁴ ஜூல் விநாடியிலிருந்து விலகி வந்தாலும் சரி, அளவீடுகளைத் திருத்தாதீர்கள். சாய்வின் பிழை வரம்பையும் சேர்த்து எழுதுங்கள். வைவாவில் கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.