கொடையாளர் இல்லாமல் பிளேட்லெட் தயாரிப்பது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வீட்டில் செய்து பார்க்கிற வேலையில்லை. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் கோஜி எட்டோ குழு எப்படிச் செய்தது என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

பிளேட்லெட் என்பது காயத்தில் இரத்தத்தை உறையச் செய்யும் நுண்ணணு. கொடையாளரிடம் எடுத்த பிளேட்லெட் பையை வழக்கமாக ஃப்ரிட்ஜில் வைப்பதில்லை. 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் பொதுவாக ஐந்து நாள்தான் தாங்கும், அதனால்தான் இவ்வளவு மெனக்கெடல்.

இரத்த அணுக்களை எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஐபிஎஸ் ஸ்டெம் செல்லாக மாற்றி, அதை இரத்தம் உருவாக்கும் முன்னோடிச் செல்லாக வளர்த்தெடுப்பது முதல் கட்டம். அப்புறம் சி-மிக், பிஎம்ஐ1, பிசிஎல்-எக்ஸ்எல் என்று மூன்று மரபணுக்களைச் செருகுகிறார்கள். மூன்றுக்கும் சுவிட்ச் டாக்ஸிசைக்ளின் மருந்து. மருந்து இருக்கும்வரை செல்கள் மாதக்கணக்கில் பெருகும், உறையவைத்துச் சேமிக்கலாம், வேண்டும்போது எடுத்து மறுபடி வளர்க்கலாம். மருந்தை நிறுத்தினால் பெருகுவதை விட்டுவிட்டு முதிர்ந்த மெகாகேரியோசைட்டாகி (பிளேட்லெட்டை உருவாக்கும் பெரிய செல்) பிளேட்லெட்டை உதிர்க்கத் தொடங்கும்.

சிக்கல் இங்கேதான். சும்மா கிண்ணத்தில் வைத்தால் கொஞ்சம்தான் உதிரும். எலியின் எலும்பு மஜ்ஜையைக் கவனித்தபோது, இரத்த ஓட்டம் சுழித்துக் கொந்தளிக்கும் இடங்களில்தான் மெகாகேரியோசைட்டுகள் மும்முரமாக உதிர்ப்பது தெரிந்தது. ஆகவே உலக்கை போல மேலும் கீழும் போய்வரும் தட்டு வைத்த 8 லிட்டர் தொட்டி ஒன்றைச் செய்தார்கள். அதில் 10,000 கோடி பிளேட்லெட் கிடைத்ததை 2018-இல் வெளியிட்டார்கள். செல்லை மென்மையாகக் கையாள வேண்டும் என்று பழகியவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்!

எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். 37 டிகிரியில் ஏடிஏஎம்17 என்ற நொதி பிளேட்லெட்டின் மேற்பரப்பிலுள்ள சிடி42பி புரதத்தை வெட்டிவிடும், வெட்டுப்பட்டது உடம்புக்குள் போனால் நிலைக்காது. அதனால் அந்த நொதியைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்து வளர்க்க வேண்டும், பிளேட்லெட்டின் அடையாளப் புரதங்களான சிடி41, சிடி42பி இரண்டும் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

கழுவிச் செறிவாக்கிய பிறகு கதிர்வீச்சு. சி-மிக் புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணு என்பதால் பயம் வரும், சரிதான். ஆனால் பிளேட்லெட்டுக்கு உட்கருவே கிடையாது, கதிர்வீச்சைத் தாங்கிவிடும். தப்பி வந்த உட்கரு உள்ள செல் பெருக முடியாமல் போகும்.

எல்லோருக்கும் ஒரே பிளேட்லெட் வேண்டுமென்றால் பி2எம் மரபணுவை நீக்கி, இது யாருடைய செல் என்று நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டிக்கொடுக்கும் வகுப்பு 1 எச்எல்ஏ புரதங்களை இல்லாமல் செய்யலாம். ஆனாலும் இரத்தப் பிரிவும், எச்பிஏ என்ற பிளேட்லெட் வகை அடையாளமும் அப்படியே இருக்கும், அவற்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனிதருக்கு முதலில் கொடுத்தபோது, பொருந்தும் கொடையாளர் கிடைக்காத ஒரு நோயாளிக்கு அவருடைய செல்லிலிருந்தே செய்தார்கள். பெரிய பாதிப்பு எதுவும் வரவில்லை, ஏற்றிய பிளேட்லெட் இரத்தத்தில் ஓடியதும் தெரிந்தது. ஆனால் அவருடைய பிளேட்லெட் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி ஏறவில்லை.