ஓதம் ஏறிய சுவரைச் சீர்செய்து வண்ணம் பூசும் முறை

தரையிலிருந்து இரண்டடி, மூன்றடி உயரம் வரை சுவரின் வண்ணம் உப்பி, கை வைத்தால் மாவாக உதிர்கிறது என்றால், பெரும்பாலோர் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு உடனே புதிய வண்ணத்தைப் பூசிவிடுகிறார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடம் மறுபடியும் உரியத் தொடங்குகிறது. சுவருக்குள் ஊறும் நீரை நிறுத்தாமல் எவ்வளவு விலையுயர்ந்த வண்ணத்தைப் பூசினாலும் அது நிற்காது. ஆகவே இந்த விளக்கத்தில் பாதிக்கு மேல் வண்ண டப்பாவைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலைகளைப் பற்றியதாகவே இருக்கும். தூரிகையை முதல்முறையாகப் பிடிப்பவரும் ஓர் அறையின் ஒரு சுவரைத் தாமாகவே இம்முறையில் சீர்செய்துவிட முடியும்.

செங்கல்லிலும் மணலிலும் சிமென்ட்டிலும் சிறிதளவு உப்பு எப்போதும் இருக்கிறது. கடலோரப் பகுதிகளில் உவர்நீரைக் கொண்டு கட்டிய வீடுகளில் அது கூடுதலாகவே இருக்கும். சுவருக்குள் புகும் நீர் அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு மேற்பரப்பை நோக்கி வருகிறது. அங்கே நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் படிகமாகத் தங்கி, வளர வளர மேலிருக்கும் பட்டியையும் (வண்ணத்துக்கு அடியில் சுவரைச் சமப்படுத்தப் பூசும் மாவு) வண்ணத்தையும் தள்ளி உடைக்கிறது. உதிர்ந்த இடத்தை உற்றுப் பார்த்தால் வெள்ளை நிறத்தில் மெல்லிய இழைகளாக உப்புப் பூத்திருப்பது தெரியும்.

படி 1: நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தல்

ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், தொடங்கும் உயரமே முதல் தடயம். தரைமட்டத்திலிருந்து மேலேறிப் போகப்போகக் குறைந்தால் அது அஸ்திவாரத்திலிருந்து உறிஞ்சப்படும் நீர். கூரையை ஒட்டித் தொடங்கிக் கீழிறங்கினால் மொட்டைமாடியின் தளத்திலோ, கைப்பிடிச் சுவரின் அடியிலோ, அடைபட்ட மழைநீர்க் குழாயிலோ குறை இருக்கும். சன்னலின் மூலைகளில் மட்டும் இருந்தால் சன்ஷேடுக்கும் சுவருக்கும் இடையிலான விரிசலைப் பார்க்க வேண்டும். சுவரின் நடுவில் திட்டாகத் தெரிந்தால் மறுபக்கம் குளியலறையா, சமையலறைத் தொட்டியா, ஏ.சி.யின் நீர் வடியும் குழாயா என்று பாருங்கள். குளியலறையாக இருந்தால், பெரும்பாலும் ஓடுகளின் இணைப்பில் அடைத்த கிரௌட் உதிர்ந்து நீர் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்.

சுவருக்குள் புதைத்த குழாய் கசிகிறதா என்பதை அறிய, இரவு படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் நீரைப் பயன்படுத்தாத நிலையில் காலையில் மட்டம் குறைந்திருந்தால், குழாய்ப் பணியாளரை அழைக்காமல் மேற்கொண்டு எதையும் தொடவேண்டாம்.

காரணம் பிடிபடவில்லை என்றால் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை எடுத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் மட்டும் துளிகள் இருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டாவதற்குச் சன்னலைத் திறந்து வைப்பதும் சமையலறையில் எக்ஸாஸ்ட் விசிறி பொருத்துவதுமே போதிய மருந்து.

படி 2: நீரை நிறுத்திச் சுவரைக் காயவிடுதல்

கிரௌட்டை மாற்றுவது, மாடித் தளத்தின் விரிசலை அடைப்பது, மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்வது போன்றவற்றை முதலில் முடியுங்கள். வெளிச்சுவரை ஒட்டி மண்ணோ குப்பையோ மேடாகக் குவிந்திருந்தால் அகற்றி, நீர் சுவரிலிருந்து விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதத்தை முற்றிலும் தடுப்பதற்குச் சுவரின் அடியில் துளையிட்டு ரசாயனம் செலுத்தும் முறை இருக்கிறது; அது அனுபவமுள்ளவர்கள் செய்யவேண்டிய வேலை.

அதன்பின் பொறுமை வேண்டும். நனைந்த சுவர் உட்புறம் வரை காய வாரங்கள் ஆகும், தடித்த சுவராக இருந்தால் மாதங்களும் ஆகலாம். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையின்போது இவ்வேலையைத் தொடங்குவது வீண். பொங்கலுக்கு முன்பே வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்னும் ஆசை இயல்பானதுதான். ஆனால் ஓதம் கண்ட சுவரை மட்டுமாவது மாசி, பங்குனி வரை விட்டுவைப்பது நல்லது. பாலித்தீன் தாள் சோதனையை மறுபடியும் செய்து, உட்புறம் உலர்ந்திருப்பதைக் கண்ட பிறகே அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: சுரண்டுதல்

சுவிட்ச் பெட்டிக்கு அருகில் வேலை செய்வதாக இருந்தால் மின் இணைப்பை மெயினிலேயே நிறுத்திவிடுங்கள்; ஈரச் சுவரில் மின்கசிவு இருக்க வாய்ப்புண்டு. முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, தகட்டால் உதிரும் பகுதி முழுவதையும் சுரண்டுங்கள். கறை தெரியும் எல்லையோடு நிறுத்தாமல், அதைச் சுற்றி ஓர் அடி வரை உறுதியான பகுதி தென்படும்வரை செல்லவேண்டும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் பூச்சை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் அழுத்தமாக ஒலிக்கும். செங்கல்லை விட்டு விலகிய இடம் பொக்கென்று ஒலிக்கும். பொக்கான பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிடுங்கள்.

பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிச் சேகரித்து வெளியே கொட்டுங்கள். நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே இறங்கும்.

பழைய வீடுகளில் ஓர் எச்சரிக்கை அவசியம். வீட்டுப் பயன்பாட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகக்கூடாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய எனாமல் (எண்ணெய் கலந்த, பளபளப்பான) வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்க்காமல், ஈரத்துணியால் நனைத்துச் சுரண்டுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைக்குள் விடவேண்டாம்.

படி 4: பூச்சும் பட்டியும்

கொத்தி எடுத்த இடத்தை நனைத்து, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நான்கு பங்கு சலித்த ஆற்றுமணல் அல்லது பூச்சு வேலைக்கான எம்-சாண்ட் கலந்து பூசுங்கள். ஒரு வாரம் நீர் தெளித்து ஆற்றவேண்டும்; வண்ணம் பூசுவதற்கு முன் மொத்தம் 28 நாட்கள் ஆகியிருப்பது நல்லது. சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய வீடாக இருந்தால் சிமென்ட்டைத் தவிர்த்துச் சுண்ணாம்பாலேயே ஒட்டுப்போடுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும் தன்மையுடையது. அதன்மீது சிமென்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, பக்கத்திலிருக்கும் நல்ல பகுதியையும் கெடுக்கும்.

பட்டியில் இருவகை உண்டு. வெள்ளைச் சிமென்ட் பட்டியை வெறும் பூச்சின்மேல், சுவரை லேசாக நனைத்து நேரடியாகப் பூசலாம். பழைய வண்ணம் மீதமிருக்கும் இடத்தில் அது சரியாகப் பிடிக்காது. அங்கே பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசி, அதன்மேல் அக்ரிலிக் பட்டியைப் பயன்படுத்தவேண்டும். ஓதம் கண்ட இடத்துக்கு நான் சிமென்ட் பட்டியையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அக்ரிலிக் பட்டி ஈரத்தில் இளகிவிடும்.

சிமென்ட் பட்டியைப் பை மீது குறிப்பிட்ட அளவு நீரில் கட்டியில்லாமல் குழைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடியும் கலக்குங்கள். இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் குழைக்கவேண்டும். இறுகியதில் நீர் சேர்த்து மீண்டும் பயன்படுத்தக்கூடாது. தகட்டைச் சாய்த்துப் பிடித்துக் கீழிருந்து மேலாக இழுத்து, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய பூச்சாக இருமுறை பூசுங்கள். இரவு முழுவதும் காய்ந்தபின் நுண்ணிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்க்கவேண்டும். டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் எல்லாம் நிழலாக எழுந்து தெரியும். தூசியைத் துடைத்துவிட்டு ஒரு கோட் பிரைமர் பூசுங்கள்.

படி 5: வண்ணம்

இவ்வளவும் ஒழுங்காக நடந்திருந்தால் வண்ணம் பூசுவது எளிது. நீரில் கலக்கும் வண்ணமான உட்புற எமல்ஷனே போதும். ஈரம் திரும்ப வாய்ப்புள்ள சுவருக்கு எனாமல் கூடாது, அது ஈரத்தை வெளியே விடாது. சுவரின் ஓரங்களையும் மூலைகளையும் இரண்டங்குல பிரஷால் முதலில் பூசி, அது காய்வதற்குள் ரோலரால் நடுப்பகுதியை மேலிருந்து கீழாக நிரப்புங்கள். பூசிய பட்டையின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டையைச் சேர்த்தால் கோடு விழாது. காய்ந்த இடத்தில் திரும்பத் திரும்ப உருட்டவேண்டாம். நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டாவது கோட் பூசுங்கள். இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் ஏறத்தாழ 120 சதுர அடிக்கு வரும்.

பீரோவையும் கட்டிலையும் திரும்ப வைக்கும்போது சுவரிலிருந்து நான்கங்குலம் தள்ளி வையுங்கள். காற்று புழங்கினால்தான் சுவர் உலர்வாக இருக்கும். மீந்த வண்ணத்தைச் சிறிய டப்பாவுக்கு மாற்றி இறுக மூடி, நிறத்தின் எண்ணையும் பூசிய தேதியையும் அதன்மேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் சிறிய ஒட்டு வேலை வந்தால் அதே நிறத்தைக் கேட்டு வாங்க அது உதவும்.