படப் புத்தகத்தைப் பரீட்சை ஆக்காதீர்கள்

மடியில் இரண்டு வயதுக் குழந்தை, கையில் படப் புத்தகம். பக்கத்தைத் திருப்பியதும் "இது என்ன? சொல்லு, இது என்ன?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். குழந்தை வாயைத் திறப்பதற்குள் "யானை!" என்று நாமே சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவுகிறோம். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

இந்த வயதில் தெரிந்த சொல்லும் வாய்க்கு வர நேரமாகும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிப் பாருங்கள். குழந்தை விரலை நீட்டலாம், சிரிக்கலாம், "ஊ" என்று ஏதோ சொல்லலாம். எல்லாமே பதில்தான். உளவியலாளர்கள் அனத் நினியோவும் ஜெரோம் புரூனரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தாயும் குழந்தையும் படம் பார்ப்பதை மாதக்கணக்கில் கவனித்தார்கள். குழந்தையின் சிரிப்பையும் மழலையையும் அந்தத் தாய் பதிலாகவே எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.

அடுத்தது, திருத்துவது. பூனையைக் காட்டி "மியா" என்கிறது குழந்தை. "மியா இல்ல, பூனை" என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "ஆமாடா, பூனை! மியாவ்னு கத்துது. பால் வேணுமாம்" என்று சொல்லிப் பாருங்கள். சரியான சொல்லும் காதில் விழும், குழந்தைக்கு மேலே பேசவும் ஆசை வரும். உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் நியூயார்க்கில் பெற்றோருக்கு, குழந்தையைப் பேசவைக்கும் கேள்விகளைக் கேட்கவும், குழந்தை சொன்னதை இப்படி நீட்டிச் சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். வழக்கம்போல வாசித்துக் காட்டிய வீட்டுக் குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகள் ஒரே மாதத்தில் பேச்சில் முந்தினார்கள். 1988-இல் வந்த ஆய்வு அது.

நம் வீடுகளுக்கே உரிய தவறும் ஒன்று உண்டு. நாள் முழுக்கத் தமிழில் கொஞ்சிவிட்டு, புத்தகத்தைத் திறந்ததும் "எலிஃபன்ட் சொல்லு, டைகர் சொல்லு" என்று மாறிவிடுகிறோம். அப்போது படம் பார்ப்பது வெறும் பெயர் ஒப்பிப்பதாகிவிடும். "தாத்தா ஊர்ல இதே மாதிரி மாடு பாத்தோமே, என்ன தின்னுச்சு?" என்பது நாம் பேசிப் பழகிய மொழியில்தான் இயல்பாக வரும். தமிழ்ப் புத்தகத்திலும் எழுத்தை மட்டும் வாசித்தால் போதாது. "யானை நடந்து சென்றது" என்று வாசித்துவிட்டு, "யானை நடந்து போச்சு, பாத்தியா?" என்று வீட்டுப் பேச்சிலும் சொல்லுங்கள்.

அப்புறம், வரிசையாக முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். என் மகள் காக்கா பக்கத்தை மட்டும் ஒரு வாரம் பார்த்தாள். பார்க்கட்டுமே! மூன்றாவது பக்கத்தில் இறங்கி ஓடினால், சரி, மூடிவைத்துவிட்டுச் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம்.