முதலில் இறக்கம், பிறகு ஏற்றம்: கொடைக்கானல் நடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறை தொடங்கிவிட்டால் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் பாதை புதுமுகங்களால் நிறைந்துவிடுகிறது. ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை, அதே இடங்களில், அதே உற்சாகத்தோடு செய்கிறார்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், குப்பை போடாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் மலைக்கு வராமலிருப்பதே நல்லது.

புது ஷூவை மலையில் பழக்குவது

இறக்கத்தில் பாதம் முன்னால் சரியும். ஷூ கச்சிதமாக இருந்தால் கட்டைவிரல் நகம் ஒவ்வோர் அடிக்கும் முட்டும். பிறகு கறுத்து, சில வாரங்களில் கழன்றும் விழலாம். விரலுக்கு முன்னால் சிறிது இடம் விட்டு வாங்குங்கள். முந்தின நாளே நகத்தை வெட்டிவிடுங்கள்.

இறங்கிய நேரத்தை வைத்துத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுவது

இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளியங்கிரி ஏறுகிறவருக்கு ஏற்றம் முதலில் வந்துவிடும். முடியவில்லை என்றால் பாதியில் திரும்பலாம். கொடைக்கானலில் எல்லாம் தலைகீழ். ஊரே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டால்பின் நோஸ், எக்கோ ராக் பாறை முனைகள், வெள்ளகவி கிராமம் என்று இந்தப் பக்கம் எங்கே கிளம்பினாலும் முதலில் இறக்கம்தான். தெம்பு இருக்கும்போது இறங்கிவிட்டு, களைத்த பிறகு ஏற வேண்டும். காற்றழுத்தமும் இங்கே கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு; ஏறும்போது மூச்சு வாங்கும்.

சென்ற மார்கழியில் ஒரு நாள், மாலை மூன்றரை மணி. டால்பின் நோஸ் பாதையில் தேநீர் விற்கும் அக்கா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மதுரையிலிருந்து வந்த ஐந்து இளைஞர்கள், ரப்பர் செருப்போடு இறங்கி வந்தார்கள். "இன்னும் எவ்வளவு தூரம் அக்கா?"

"தூரம் கிடக்கட்டும் தம்பி. நான் அடுப்பையே அணைத்துவிட்டேன், நீங்கள் இறங்குகிறீர்களே!"

சிரித்துக்கொண்டே போனார்கள். ஆறு மணிக்கு மேல் அவர்களுடைய வேன் ஓட்டுநர் வட்டக்கானலில் பதறிக்கொண்டு நின்றார். ஊர்ப் பையன்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு, டார்ச்சோடு இறங்கினேன். சோலைக்குள் வேர்கள் படிக்கட்டாகப் பின்னிக் கிடக்கும் இடத்தில் ஒருவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செருப்பின் வார் அறுந்து, கைக்குட்டையால் பாதத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தான். மேகம் இறங்கியதில் டார்ச் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. எழுவான், நாலு வேர் ஏறுவான், மறுபடி உட்காருவான். மேலே கொண்டுவந்து சேர்க்க எட்டரை ஆயிற்று. "வரும்போது சீக்கிரம் வந்துவிட்டோமே சார்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்கு எளிது. ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதாவது 3 கிலோமீட்டரில் 300 மீட்டர் இறங்கியவர் திரும்பி ஏற ஒரு மணிக்கும் மேலாகும். அதுவும் நடந்து பழகியவருக்கு, எங்கும் நிற்காமல். புதியவர் இரண்டு மணி நேரம் ஒதுக்கட்டும்.

மேகமும் கணக்கில் வர வேண்டும். காலை வெயிலில் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி சூடாகி, ஈரக்காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து, மதியத்துக்குப் பிறகு விளிம்பை மூடிவிடும் நாட்கள் அதிகம். காட்சி பார்க்கப் போகிறவர் மூன்று மணிக்கு மேல் இறங்குவது எதைப் பார்க்க? காலையில் கிளம்பும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். நண்பகல் 12 என்று வைத்துக்கொள்ளலாம். போக நினைத்த இடம் வந்தாலும் வராவிட்டாலும் 12 மணிக்குத் திரும்பிவிடுங்கள்.

காய்ந்த பைன் சருகை நம்புவது

மழையில் வேர் வழுக்கும், வெயிலில் பைன் ஊசியிலை வழுக்கும். குதிகாலை ஊன்றாமல், பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து இறங்குங்கள்.

காட்டு மாட்டோடு செல்ஃபி

வேண்டாம்.

அட்டையைப் பிடித்து இழுப்பது

நகத்தால் ஓரத்திலிருந்து நெம்பினால் விட்டுவிடும். கடிவாயில் சிறிது நேரம் இரத்தம் கசியும். உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருக்கிறது. இதற்குப் போய் அலற வேண்டியதில்லை.

கேட்காமல் காட்டுக்குள் நுழைவது

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் உயிரிழந்தார்கள். அனுமதி வாங்கச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் அதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். 2024 முதல் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் வழிகாட்டியோடு முன்பதிவு செய்யும் வசதி இருக்கிறது. வெள்ளகவி வரை போகிறவர்கள் ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குள் ஊர்க்காரர்களே செருப்பு அணிவதில்லை.