சிறிய ட்ரெபுஷே எறிபொறி செய்யும் முறை

பலர் சேர்ந்து கயிற்றை இழுத்து இயக்கிய சீன எறிபொறியின் வழியில் வந்து, 12-ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் பகுதியில் ஆள்பலத்துக்குப் பதிலாகப் பாரமான எடையை ஏற்றுக்கொண்ட பொறியே ட்ரெபுஷே. 1304-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டையை முற்றுகையிட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு, உள்ளிருந்தோர் சரணடைய முன்வந்த பின்னும், ‘போர் ஓநாய்’ என்னும் தம் புதிய பொறி கல்லெறிவதைப் பார்க்காமல் அவர்களை விடவில்லை.

மாதிரிக்கு 50 செ.மீ. நீள மரச்சட்டத்தின் ஒரு முனையிலிருந்து 10 செ.மீ. தள்ளித் துளையிட்டு, இரும்புக் கம்பியை அச்சாகச் செருகி, 30 செ.மீ. உயரமுள்ள இரு தாங்கிகளின் மேல் பொருத்தவும். குறுகிய முனையில் 2 கிலோ எடையை ஆடும்படி தொங்கவிடவும். இறுக்கிக் கட்டிய எடையைவிட, தொங்கும் எடை ஏறக்குறைய நேராகக் கீழே விழுவதால் ஆற்றல் வீணாவது குறைகிறது. எறிபொருள் 20 கிராம் போதும்.

நீண்ட முனையில் தலை வெட்டிய ஆணி ஒன்றை அடித்து, சுமார் 35 செ.மீ. நீளமுள்ள கவணின் ஒரு கயிற்றைச் சட்டத்தில் கட்டி, மறு கயிற்றின் வளையத்தை அந்த ஆணியில் மாட்டவும். என் கணிப்பில் பொறியின் உயிர் இந்த ஆணியில்தான் இருக்கிறது. வளையம் சீக்கிரமே நழுவி, குண்டு செங்குத்தாகவோ பின்புறமாகவோ பறந்தால், ஆணியை எறியும் திசையில் சற்று வளைக்கவும். தாமதமாக நழுவி, குண்டு எதிரிலேயே தரையில் மோதினால், ஆணியைச் சிறிது நிமிர்த்தவும். ஒவ்வொரு முறையும் மிகச் சிறிதளவே மாற்றிப் பார்க்க வேண்டும்.

பொறியின் முன்னும் பின்னும் எவரும் நிற்கலாகாது. கீழே இழுத்துப் பிடித்து வைத்த நீண்ட முனையை விடுவிக்கும் விசைக் கயிற்றைப் பக்கவாட்டில் விலகி நின்றே இழுக்கவும்.